கொரோனாவுக்குப் பின் அப்பாவின் மறதி: எல்லாவற்றுக்கும் அந்தத் தொற்றுதான் காரணமா?

வாசகர் கேள்வி:

பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். என் அப்பா 2021 மே மாதம் கொரோனா தொற்றுடன் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு 67 வயது; சர்க்கரை நோய் நெடுநாளாக உண்டு. பல நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தார். குப்புறப் படுக்க வைத்தும் சிகிச்சை அளித்தார்கள். மயக்க மருந்தை நிறுத்திய பிறகு ஆளே மாறிப்போனார். ஊசிக் குழாய்களைப் பிடுங்கினார், நர்சுகளைத் திட்டினார், கைகளைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். பக்கத்துப் படுக்கையில் இறந்தவரோடு சேர்த்துத் தன்னையும் மூட்டை கட்டினார்கள் என்று இன்றும் சொல்கிறார். மருத்துவமனை வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வந்தபோது வலது பாதத்தை உயர்த்த முடியவில்லை. இப்போதும் இழுத்துத்தான் நடக்கிறார். மறதியும் இருந்தது. ஆனால் ஓராண்டில் பெருமளவு தேறி, பென்ஷன் கணக்கு, மின்கட்டணம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். கடந்த எட்டு மாதங்களாக மீண்டும் மோசமாகி வருகிறார். பகலில் தூங்கி வழிகிறார், பேச்சு மந்தமாகிவிட்டது, பழகிய தெருவிலேயே ஒருநாள் வழி தெரியாமல் நின்றார். இடையில் இரண்டு முறை குளியலறையில் விழுந்தார். பெரிய அடி இல்லை. மெட்ஃபார்மின், ஆஸ்பிரின், டிஸ்சார்ஜின்போது எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை ஆகியவை தொடர்கின்றன. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மூளை நரம்பு பாதிப்பு என்று படித்தேன். வைரஸ் அவர் மூளைக்குள் தங்கிவிட்டதா? இது அல்சைமர் நோயின் தொடக்கமா? மறுபடி தொற்று வந்து அவரைச் சேர்க்க நேர்ந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நரம்பியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு வருவதற்கு முன், கேள்வியாகக் கேட்காமல் கடிதத்தின் நடுவில் சொல்லிச் சென்றிருக்கும் ஒரு செய்தியைப் பற்றிப் பேச வேண்டும். ஓராண்டில் தேறி, வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சரியத் தொடங்கியிருக்கிறார். அந்தச் சரிவுக்கிடையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். ரத்தம் எளிதில் உறையாமல் செய்யும் ஆஸ்பிரினையும் தினமும் எடுத்துக்கொள்கிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும் எந்த நரம்பியல் மருத்துவரும் 2021-ஐப் பற்றி யோசிப்பதற்கு முன் தலை ஸ்கேன் ஒன்றைக் கேட்பார். நானும் அதையே கேட்கிறேன். இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால் மூளையின் மேற்பரப்பிலிருந்து மண்டையோட்டை ஒட்டிய உறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. தலை சுவரில் லேசாக இடித்தாலும், சில சமயம் தலையில் அடியே படாமல் உடல் அதிர்ந்தாலும், அவற்றில் ஒன்று கிழிந்து ரத்தம் மெதுவாகக் கசியக்கூடும். விழுந்த அன்று எதுவும் தெரியாது. கசிந்த ரத்தம் வாரக்கணக்கில் தேங்கி மூளையை அழுத்தும்போதுதான் பகல் தூக்கம், பேச்சில் மந்தம், மறதி, நடையில் தடுமாற்றம் ஆகியவை தலைகாட்டும். வீட்டில் இருப்பவர்கள் இதை வயதின் மறதி என்றோ, உங்களைப் போல் கொரோனாவின் மிச்சம் என்றோ எண்ணிக்கொள்வது இயல்பு. எட்டு மாதச் சரிவு முழுவதற்கும் இது காரணமாக இல்லாமல் போகலாம். ஆனால் சில நிமிடங்களில் முடியும் சாதாரண சி.டி. ஸ்கேனே இதைப் பெரும்பாலும் காட்டிவிடும். இருப்பது தெரிந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிட முடியும். அப்படிச் செய்தபின் நன்றாகத் தேறியவர்கள் ஏராளம். ஆகவே முதலில் பார்த்து விலக்கப்பட வேண்டியது இதுதான். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். எதற்காக அது கொடுக்கப்பட்டது என்பதைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நாட்களில் கடும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கைகால் பலவீனம், எழுப்பினாலும் விழிக்காத உறக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இனி 2021-க்கு வருகிறேன். உங்கள் தந்தையார் மயக்க மருந்திலிருந்து விழித்தபோது நடந்துகொண்ட விதத்துக்கு டெலிரியம் என்று பெயர். உடல் கடும் நோயில் இருக்கும்போது மூளையின் செயல்பாடு திடீரென்று தடுமாறுவதே இது. கவனம் ஓரிடத்தில் நிற்காது. இரவும் பகலும் குழம்பும். இல்லாதது தெரியும், கேட்கும். ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுபவர் அடுத்த மணியில் மகளையே அடையாளம் காணமாட்டார். இது பைத்தியமும் அன்று, அவருடைய குணத்தின் வெளிப்பாடும் அன்று. நர்சுகளைத் திட்டியதற்காக நீங்கள் வெட்கப்படுவதாகக் கடிதத்தில் தொனிக்கிறது. அந்த வெட்கத்துக்கு இடமே இல்லை. கடும் நோயில் சிறுநீரகம் செயலிழந்தால் யாரும் நோயாளியைக் குறை சொல்வதில்லை. மூளை செயல் தடுமாறும்போதும் அவ்வாறே இருக்க வேண்டும்.

இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கும் என்று நினைக்கிறேன். 2020 ஏப்ரலில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர மருத்துவர்கள், ஐ.சி.யூ.வில் இருந்த 58 கொரோனா நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் நிறுத்தப்பட்ட பின் 40 பேர் கட்டுக்கடங்காத பதற்றத்தில் இருந்ததைப் பதிவு செய்தார்கள். பின்னர் 14 நாடுகளில் 69 ஐ.சி.யூ.க்களில் சேர்ந்த 2,088 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ 55 சதவீதத்தினருக்கு டெலிரியம் ஏற்பட்டிருந்தது தெரிந்தது. அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. பென்சோடயசெபைன் வகை மயக்க மருந்துகள் தரப்பட்டவர்களுக்கு டெலிரியம் கூடுதலாக வந்தது. குடும்பத்தினரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்க்க முடிந்தவர்களுக்குக் குறைவாக வந்தது. இரண்டாம் அலையின்போது ஐ.சி.யூ.வுக்குள் குடும்பத்தினர் போக முடியவில்லை; மூச்சுத் திணறலோடு வென்டிலேட்டரை எதிர்க்கும் நோயாளிகளுக்கு ஆழ்ந்த மயக்கம் தவிர்க்க இயலாததாக இருந்தது; மருந்துத் தட்டுப்பாட்டில் கைக்குக் கிடைத்ததையே கொடுக்க வேண்டியிருந்தது. டெலிரியத்தை வரவழைக்கும் சூழல்கள் அனைத்தும் ஒரே அறையில் கூடியிருந்தன.

உங்கள் தந்தையாரின் இடத்திலிருந்து அந்த அறையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு உடையில் வருபவர்களின் முகம் தெரியாது. கண்ணாடி இல்லாததால் எழுத்தும் கடிகாரமும் தெரியாது. இரவும் பகலும் விளக்கு எரியும். சுற்றிலும் இந்தியும் மலையாளமும் கேட்கும். பல ஆண்டு பெங்களூர் வாழ்க்கையில் கன்னடம் சரளமாக வந்தவரே ஆனாலும், மூளை தடுமாறும் நேரத்தில் பிறந்த மொழியைத் தவிர மற்றவை கைநழுவிப் போவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இறந்து, அவரது உடலை உறையில் சுற்றி எடுத்துச் சென்றதை அவர் அரைக்கண்ணால் பார்த்திருக்கக்கூடும். அதே வேளையில் அவருடைய கைகள் கட்டப்பட்டிருந்தன. கண்ட உண்மையையும் உடல் உணர்ந்த கட்டையும் குழம்பிய மூளை இணைத்து, தன்னையும் சேர்த்து மூட்டை கட்டினார்கள் என்ற நினைவை உருவாக்கியிருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். ஐ.சி.யூ.விலிருந்து மீண்ட பலருக்கு அங்கே உண்மையில் நடந்தவை மறந்துவிடும். டெலிரியத்தில் கண்டவை மட்டும் நேற்று நடந்ததுபோல் தெளிவாக நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது நடந்தது.

அதனால் “அப்படி எதுவும் நடக்கவில்லை” என்று அவரோடு வாதாடுவதை விட்டுவிடுங்கள். அவர் கிடந்த பயத்தை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு நாள் வாரியாக, எப்போது சேர்த்தோம், எப்போது குழாய் வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள், கைகளை ஏன் கட்டினார்கள், அந்த நாட்களில் நீங்களும் அம்மாவும் எங்கே காத்திருந்தீர்கள் என்பதை, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே அமர்வில் இல்லாமல் அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். விடுபட்ட நாட்கள் உண்மையான செய்திகளால் நிரம்பும்போது பொய்யான நினைவின் பிடி தளர்வது உண்டு. தூக்கத்தில் அலறி எழுவது, ஆம்புலன்ஸ் ஓசையைக் கேட்டாலே நடுங்குவது போன்றவை இருந்தால் மனநல மருத்துவரின் உதவி தேவை. அவரை அழைத்துச் செல்வது கடினமென்றால், பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸை வழிகாட்டும் மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

வைரஸ் மூளைக்குள் தங்கிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. இந்த அச்சம் பரவியதற்கு வாசனை இழப்பு ஒரு முக்கியக் காரணம். மூக்கு வழியாக வைரஸ் நேராக மூளைக்கு ஏறிவிடுகிறது என்று பலர் எண்ணினார்கள். பின்னர் தெரியவந்தது என்னவென்றால், வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற புரதம் மணத்தை உணரும் நரம்புச் செல்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில்தான் மிகுந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு வாசனை திரும்பியதற்கு அதுவே காரணமாகக் கருதப்படுகிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் தண்டுவட நீர் எடுத்துச் சோதிக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவருக்கும் அதில் வைரஸ் இல்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இறந்த 41 நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தவர்கள், ஆக்ஸிஜன் குறைவால் ஏற்பட்ட சேதத்தையும் அழற்சியையும் பரவலாகக் கண்டார்கள். வைரஸோ மிகச் சொற்பமாக இருந்தது அல்லது இல்லவே இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்யப்பட்ட ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேரின் மூளையில் வைரஸின் தடயம் கிடைத்தது உண்மை. ஆனால் தடயம் இருந்ததற்கும் சேதத்தின் கடுமைக்கும் தொடர்பு இல்லை. நேரடி மூளை அழற்சி அறவே ஏற்படவில்லை என்று இதற்குப் பொருளல்ல, அது அரிது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் மூளையைப் பெரும்பாலும் பாதித்தவை நுரையீரல் தோற்றதால் குறைந்த ஆக்ஸிஜன், உடல் முழுவதும் எரிந்த அழற்சி, ரத்தம் கட்டிப்போகும் தன்மை, காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு, மருந்துகள், நீண்ட மயக்கம் ஆகியவைதாம். அந்த நாட்களோடு அவை முடிந்துவிட்டன. பல ஆண்டுகள் கழித்து உங்கள் தந்தையாரின் மூளையை உள்ளிருந்து அரிக்கும் வைரஸ் ஒன்று இருப்பதாக நினைத்து நீங்கள் அஞ்சத் தேவையில்லை. வைரஸை ‘வெளியேற்றுவதாக’ விற்கப்படும் எந்த மருந்துக்கும் பணம் கொடுக்கவும் தேவையில்லை.

நீங்கள் படித்த ‘ஐந்தில் நான்கு’ என்ற கணக்கு சிகாகோவில் 509 பேரிடம் செய்த ஆய்விலிருந்து வந்திருக்க வேண்டும். நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் நரம்பியல் அறிகுறி இருந்தவர்கள் அதில் 82 சதவீதம். ஆனால் உடல்வலி, தலைவலி, தலைச்சுற்றல், சுவை மாற்றம் ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. மூளையின் செயல்பாடே தடுமாறியவர்கள் சுமார் 32 சதவீதம். வூஹானில் 214 பேரிடம் செய்த முதல் ஆய்வில் 36 சதவீதம் என்று வந்தது. நியூயார்க்கில் 4,491 பேரில், நரம்பியல் மருத்துவர்கள் உறுதி செய்த புதிய பாதிப்புகளை மட்டும் எண்ணியபோது அது 13.5 சதவீதமாகக் குறைந்தது. மூன்றும் சரியான கணக்குகளே. எதை எண்ணினார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒரு சதவீதத்தைப் படித்துப் பயப்படுவதற்கு முன் அது எதன் சதவீதம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். எண்ணிக்கை சிறிதானாலும் விளைவு பெரிது என்பதால் அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்தியாவில் 2021-இல் 40,000-க்கும் அதிகமானோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை, சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. உங்கள் தந்தையாருக்கு அது வந்ததாக நீங்கள் எழுதவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

வலது பாதத்தைப் பற்றி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தடவிப் பாருங்கள். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அந்த எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் செல்கிறது. நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும்போதும், குப்புறப் படுக்க வைக்கும்போதும், உடல் மெலிந்து கொழுப்பு கரையும்போதும் அந்த இடத்தில் நரம்பு நசுங்கும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே நலிந்த நரம்பு எளிதில் சேதமடையும். சிகாகோவில் கொரோனாவுக்குப் பின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வந்த 83 பேரில் 12 பேருக்கு இத்தகைய நரம்புக் காயம் இருந்தது. அவர்களில் 11 பேர் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய உயிரைக் காத்த சிகிச்சையே அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொற்றுக்குச் சில வாரங்களுக்குப் பின், உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்குவதால் வரும் கில்லன்-பாரே நோயில் இரண்டு கால்களும் பலவீனமாகி அது மேலேறும். ஒரு பாதம் மட்டும் தொங்குவது அதன் இயல்பன்று. ஒருமுறை நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. காரணம் நரம்பிலா, இடுப்பு முதுகெலும்பிலா, மூளையிலா என்பது அதில் தெளிவாகும்.

இவ்வளவு ஆண்டுகள் கழித்து அந்த நரம்பு தானாக மீளும் வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தொங்கும் பாதத்துக்குத் தீர்வு உண்டு. கணுக்காலையும் பாதத்தையும் நிமிர்த்திப் பிடிக்கும் லேசான பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை அவருடைய அளவுக்குச் செய்து செருப்புக்குள் போட்டுக்கொண்டால் கட்டைவிரல் தரையில் தட்டாது. இதை இத்தனை காலம் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அவர் விழுவதற்கு அந்தப் பாதம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சர்க்கரை நோயாளி என்பதால் தாங்கி உரசிப் புண்ணாகாமல் தினமும் பாதத்தைப் பாருங்கள். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் இன்றே போட வேண்டியவை.

மறதியைப் பற்றிய கேள்வியில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். கடும் நோயோடு ஐ.சி.யூ.வில் கிடந்தவர்களின் நினைவாற்றல் குன்றுவது கொரோனாவுக்கு முன்பே அறியப்பட்டது. 2013-இல் அமெரிக்காவில் 821 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்தும் 34 சதவீதத்தினரின் சிந்தனைத் திறன் மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவிலேயே இருந்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்விளைவும் மோசமாக இருந்தது. கேம்பிரிட்ஜில் கடும் கொரோனாவிலிருந்து மீண்ட 46 பேரைச் சோதித்தவர்கள், அவர்களுடைய இழப்பை ஐம்பதிலிருந்து எழுபது வயதுக்குள் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு நிகராக மதிப்பிட்டார்கள். எனவே வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் உங்கள் தந்தையாரிடம் நீங்கள் பார்த்த மறதிக்கு 2021 மே மாதமே போதுமான விளக்கம்.

இப்போது நடப்பதற்கு அது போதாது. ஒருமுறை ஏற்பட்டு முடிந்த சேதம் தொடக்கத்தில் மோசமாக இருக்கும், மெல்ல மீளும், ஓரிடத்தில் நின்றுவிடும். தேறியவர் ஆண்டுகள் கழித்துப் புதிதாகச் சரிகிறார் என்றால் புதிதாக ஏதோ நடக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். கொரோனாவுக்குப் பின் இப்படித்தான் என்று குடும்பங்கள் மட்டுமல்ல, மருத்துவர்கள் சிலரும் சமாதானம் சொல்லிக்கொள்வதைக் காண்கிறேன். அந்தச் சமாதானம் எளிதில் குணமாகக்கூடிய காரணங்களைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. உங்கள் கடிதத்திலேயே அப்படிப்பட்ட காரணங்கள் சில தென்படுகின்றன.

ரத்தக் கசிவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது அந்தத் தூக்க மாத்திரை. ஐ.சி.யூ. நாட்களில் பதற்றத்தை அடக்கத் தொடங்கிய மாத்திரை டிஸ்சார்ஜ் சீட்டில் இடம்பெற்று, எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லாததால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அட்டையில் குளோனசெபாம், லோரசெபாம், அல்பிரசோலாம், க்வெட்டியபின் ஆகிய பெயர்களில் எது இருந்தாலும், பகல் தூக்கம், மந்தமான பேச்சு, மறதி, தள்ளாட்டம், விழுதல் ஆகிய அனைத்துக்கும் அந்த மாத்திரை பங்களித்திருக்க முடியும். வயது கூடக் கூட அதே அளவு மருந்தே உடலில் நெடுநேரம் தங்குகிறது. இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்றும் பென்சோடயசெபைன் வகையைச் சேர்ந்தவை. நெடுநாள் எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் கடும் பதற்றமும் வரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி-12 குறைவது உண்டு. அசிடிட்டி மாத்திரையும் சேர்ந்தால், அல்லது அவர் சைவ உணவு மட்டும் உண்பவராக இருந்தால், குறைவு இன்னும் அதிகமாகலாம். மறதி, பாத மரமரப்பு, இருட்டில் தள்ளாட்டம் மூன்றையும் ஒருசேரத் தரக்கூடிய குறைபாடு இது, ஊசியால் சரிசெய்யக்கூடியது. இதனுடன் தைராய்டு, சோடியம், சிறுநீரகம், சர்க்கரை அளவு ஆகியவற்றையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். காது மந்தமாகியிருக்கிறதா, உற்சாகம் குன்றி எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். முதியவர்களின் மனச்சோர்வு மறதி வேடத்தில் வருவது புதிதல்ல.

இவை எல்லாம் பார்த்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நினைவாற்றல் பரிசோதனையும் தேவை. சர்க்கரை நோயும் ரத்தம் உறையும் தன்மை மிகுந்த ஒரு தொற்றும் சேர்ந்தவருக்கு, யாருக்கும் தெரியாமல் சிறு பக்கவாதங்கள் வந்துபோயிருக்கலாம், எம்.ஆர்.ஐ.யில் அது தெரியும், மேலும் வராமல் தடுக்க ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கும். நினைவாற்றல் பரிசோதனையைத் தமிழிலேயே செய்யும்படி கேளுங்கள். பழகாத மொழியில் எடுக்கும் மதிப்பெண் மூளையின் திறனை அளப்பதில்லை. அல்சைமரா என்று நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: இருக்கலாம், ஆனால் மற்றவற்றை விலக்காமல் அந்தப் பெயரை யாரும் சூட்டக் கூடாது. டெலிரியம் வந்த முதியவர்களுக்குப் பின்னாளில் அல்சைமர் போன்ற டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகத் தேயும் நோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. அப்படியே அது உறுதியானாலும், ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸின் புறநோயாளிப் பிரிவில் முதியோருக்கும் நினைவாற்றல் குறைபாட்டுக்கும் முறையான சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அது எட்டாத தொலைவில் இல்லை.

மறுபடி தொற்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். இந்த வயதில் காய்ச்சலும் இருமலும் இல்லாமல் குழப்பம் மட்டுமே முதலில் தெரியக்கூடும். அமெரிக்காவில் கொரோனாவுடன் அவசரப் பிரிவுக்கு வந்த, 65 வயதைக் கடந்த 817 பேரில் 28 சதவீதத்தினர் வந்தபோதே டெலிரியத்தில் இருந்தார்கள். எனவே ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று பேச்சு தடுமாறினால் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள், மருத்துவரை அழையுங்கள். சேர்க்கும் நாளில், முன்பு டெலிரியம் வந்தது என்பதை நீங்களே முதல் வரியாகச் சொல்லுங்கள், கோப்பில் எழுதச் சொல்லுங்கள். எடுத்துவரும் தூக்க மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள். கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் ஆகியவை அவருடனே இருக்கட்டும். பெரிய எழுத்துக் கடிகாரம் ஒன்று கண்ணில் படும்படி இருக்கட்டும். குடும்பத்தில் ஒருவர் உடனிருக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் நாளுக்கு இருமுறையாவது வீடியோ அழைப்பில் அவரோடு தமிழில் பேச ஏற்பாடு கேளுங்கள். இரவில் விளக்கைக் குறைக்கவும், இயன்ற முதல் நாளிலேயே எழுப்பி உட்காரவைக்கவும், கைகளைக் கட்டுவதற்கு முன் உங்களை அழைக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் எதுவும் செவிலியர்களுக்குச் செய்யத் தெரியாதது அல்ல; நெருக்கடி நாட்களில் செய்ய முடியாமல் போனது. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் திடீரென்று வந்தால் பக்கவாதமாகக் கொண்டு அப்போதே கிளம்புங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தடுப்பூசி விஷயத்தில் அவரது வழக்கமான மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

எஞ்சியிருப்பது, மருத்துவமனை வாசலை மிதிக்க மாட்டேன் என்பவரை ஸ்கேனுக்கு எப்படி அழைத்துச் செல்வது என்பதுதான். சேர்க்கப் போவதாக அவர் அஞ்சாதபடி, மருத்துவமனைக்குள் இல்லாத தனி ஸ்கேன் மையத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏமாற்றி அழைத்துச் செல்ல வேண்டாம். விழுந்ததால் தலையை ஒருமுறை படம் எடுக்க வேண்டும், ஊசி இல்லை, சில நிமிடங்களில் முடியும், படம் எடுத்ததும் வீட்டுக்கு வரலாம், அறைக் கதவு வரை நான் இருப்பேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். காலை நேரத்தில், அவர் தெளிவாக இருக்கும்போது கிளம்புங்கள். மாத்திரை அட்டைகள் அனைத்தையும், 2021-இன் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அறிக்கையில் ரத்தக் கசிவு என்று வந்தால் அன்றே நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதற்காக மீண்டும் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்பதை அப்போது அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ரத்தப் பரிசோதனையையும் மாத்திரைக் குறைப்பையும் அடுத்த இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிடலாம்.